சோழவரம் முதல் டி.சி.ஆர். வரை: கண்காட்சிப் பலகைக்கான பட்டியல், தப்பு இருந்தா திருத்துங்க

காட்பாடி_கியர்

வணக்கம். காட்பாடிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பிரிவுக் கண்காட்சி. எட்டுக்கு நாலு பிளைவுட் ரெண்டு கிடைச்சிருக்கு. ஒண்ணுல பந்தயத் தடங்கள், இன்னொண்ணுல டூரிங் கார் (கடையில் விக்கிற காரைப் பந்தயத்துக்கு மாத்தி ஓட்டறது) சாம்பியன்ஷிப்கள். பசங்க திரட்டின பட்டியல் கீழே. பிளெக்ஸ் அடிக்கக் கொடுக்கிறதுக்கு முன்னாடி விவரம் தெரிஞ்சவங்க ஒரு கண் பார்த்துடுங்க.

1) உலகின் முதல் பந்தயத் தடம் இண்டியானாபொலிஸ், 1909.
2) இந்தியாவில் கார் பந்தயம் 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தொடங்கியது.
3) பிரிட்டிஷ் டூரிங் கார் சாம்பியன்ஷிப் தொடக்கம் 1958, முதல் சாம்பியன் ஜாக் சியர்ஸ். (ரெண்டு பேர் சமப் புள்ளின்னும் ஒரு இடத்தில் இருக்கு. எது சரி?)
4) ஜெர்மனியின் டூரிங் கார் தொடர் டி.டி.எம். 1984. அதிகப் பந்தயங்களை வென்ற ஃபோல்கர் ஸ்ட்ரைசெக் முதல் சாம்பியன்.
5) குரூப் ஏ, சூப்பர் டூரிங், டி.சி.ஆர். மூணும் ஒரே விதியின் வெவ்வேறு பெயர்கள்.

கூடவே ரெண்டு சந்தேகம். எல்லாத் தடத்தையும் ஒரே அளவுகோலில் காட்ட முடியுமா? ரோல் கேஜ் (கார் உருண்டா உள்ளே இருக்கிறவரைக் காக்கிற குழாய்க் கூண்டு) மாதிரி ஒண்ணு வெட்டி வைக்கணும், பட்டறையில் கிடக்கிற ஒன்றரை இஞ்ச் ஜி.ஐ. பைப் போதுமா? வடாற்காடு சம்பந்தமா ஏதாவது இருந்தாலும் சொல்லுங்க. பார்க்க வர்றவங்க எல்லாம் நம்ம ஊர்க்காரங்கதான்.

---

ரன்வே_முனை

முதல் இரண்டும் தவறு. நான்காவது பாதி தவறு. ஐந்தாவது முழுத் தவறு. நான் தடங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

இண்டியானாபொலிஸுக்கு இரண்டு வருடம் முன்பே, 1907இல், இங்கிலாந்தில் புரூக்லாண்ட்ஸ் வந்துவிட்டது. மோட்டார் பந்தயத்துக்கென்றே பெரிய அளவில் கட்டிய முதல் தடமாகப் பொதுவாகச் சொல்வது அதைத்தான். சுமார் 2.75 மைல் சுற்றளவு, 100 அடி அகலம், வளைவுகளில் கிட்டத்தட்ட 30 அடி உயரச் சரிவு. அந்தச் சரிவில் தார் போடுவது கஷ்டம் என்பதால் கான்கிரீட். அடியில் மண் இறங்க இறங்க கான்கிரீட் பாளங்கள் மேலும் கீழுமாக நின்றன, கார்கள் குதித்துப் பறக்கிற பழைய படங்கள் அதனால்தான். 1939இல் போர் வந்ததும் பந்தயம் நின்றது, திரும்ப நடக்கவேயில்லை. இண்டியானாபொலிஸை விட்டுவிட வேண்டாம். முதலில் போட்ட ஜல்லி-தார் மேற்பரப்பு பெயர்ந்து உயிர்ப்பலி ஆனதால் அதே வருடம் சுமார் 32 லட்சம் செங்கல் பதித்தார்கள். இத்தாலியின் மோன்சா 1922, 110 நாளில் கட்டி முடித்தது. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் 1927.

இரண்டாவது வரியை இப்படி மாற்றுங்கள்: "1990இல் திறந்தது இருங்காட்டுக்கோட்டை, பந்தயம் அதற்கு முன்பே சோழவரத்தில்." செங்குன்றம் தாண்டிய சோழவரத்தில் இருந்தது இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம், டி எழுத்து வடிவம். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் தொடங்கியது. அவர்களுடைய பந்தயங்கள் 80களின் கடைசி வரை அங்கேதான் நடந்தன. ஃபியட், அம்பாசடர், ஹெரால்டு ஓடிய அதே கான்கிரீட்டில் விஜய் மல்லையா என்சைன் ஃபார்முலா ஒன் காரையும் ஓட்டினார்.

ஓடுதளத்தில் பந்தயம் என்பது நம் ஊர்ச் சிக்கனம் மட்டுமில்லை. சில்வர்ஸ்டோன், த்ரக்ஸ்டன், ஸ்னெட்டர்டன், அமெரிக்காவில் செப்ரிங் எல்லாம் போர் முடிந்து சும்மா கிடந்த விமானத்தளங்கள்தான். சில்வர்ஸ்டோனில் 1948இல் கிராண்ட் பிரீ நடந்தபோது தடமே ஓடுதளங்கள்தான், ஓரத்தில் வைக்கோல் கட்டு. அடுத்த வருடம்தான் சுற்றுச்சாலைக்கு மாறினார்கள்.

மாணவர்கள் கவனிக்க வேண்டியது இது: ஓடுதளத்தில் ஏற்ற இறக்கம் இல்லை. நீண்ட நேர்கோடு, கடைசியில் ஒரு மடக்கு. ஆகவே சோதனை பிரேக்குக்குத்தான். 1,000 கிலோ கார் 160 கி.மீ. வேகத்திலிருந்து 60க்கு வந்தால் ஏறக்குறைய 850 கிலோஜூல் வெப்பமாக மாற வேண்டும். அது 30 டிகிரியில் இருக்கும் சுமார் 2.9 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும், ஒரே பிரேக்கில். அடுத்த சுற்றில் மறுபடி. புது டாட் 3 பிரேக் திரவம் கொதிக்க 205 டிகிரி, ஈரம் உறிஞ்சிய பிறகு 140. டாட் 4 என்றால் 230, ஈரத்தில் 155. நீராவிக் குமிழி வந்துவிட்டால் பெடல் தரை வரை போகும், கார் நிற்காது. நம் வேலூர் வெயிலில் தொடக்க வெப்பமே அதிகம் என்பதையும் எழுதலாம். கான்கிரீட் பாளங்களின் இணைப்பு டயரைத் தின்பது தனிக் கதை.

இருங்காட்டுக்கோட்டை 3.717 கி.மீ., 12 வளைவு. வேலூரிலிருந்து சென்னை போகும்போது ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் வரும், சுமார் 100 கி.மீ. கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே 2003. 1995இல் விமான விபத்தில் இறந்த எஸ். கரிவரதனின் பெயர், ஃபார்முலா மாருதி கார் அவர் உருவாக்கியதுதான். கிரேட்டர் நொய்டா புத்த தடம் 2011. அங்கே நடந்த மூன்று கிராண்ட் பிரீயையும் வென்றது செபாஸ்டியன் வெட்டல். சென்னை தீவுத்திடலைச் சுற்றி இரவு வீதிப் பந்தயம் 2024.

வடாற்காட்டுக்கு: அரக்கோணம். இன்றைய கடற்படை விமானத்தளம் ஐ.என்.எஸ். ராஜாளி 1992இல் வந்தது, ஆனால் இடம் சோழவரம் போலவே போர்க்கால விமானத்தளம். ஒன்று பந்தயத்துக்குப் போனது, மற்றது கடற்படைக்கு. அருகருகே இரண்டு படம் வைத்தால் பலகையில் அதுதான் எல்லோரும் நின்று பார்க்கிற இடமாக இருக்கும்.

---

எஸ்14_சத்தம்

டூரிங் கார் பக்கம் நான்.

சியர்ஸ்தான் சாம்பியன், சமப் புள்ளியும் உண்மை. ரெண்டையும் போடுங்க, நல்லா இருக்கும். 1958இல் புள்ளி, எஞ்சின் அளவுப் பிரிவுவாரி. ஆஸ்டின் வெஸ்ட்மின்ஸ்டர் ஓட்டின சியர்ஸும் பெரிய ஜாகுவார் ஓட்டின டாமி சோப்வித்தும் சமமா முடிச்சாங்க. காசு சுண்டிப் பார்க்கலாம்னு ஒரு யோசனை வந்துச்சு, ரெண்டு பேருக்கும் பிடிக்கலை. கடைசியில பிராண்ட்ஸ் ஹேட்ச் தடத்துல ரெண்டு ரைலி 1.5 கார், அஞ்சு சுற்று ஓட்டி, காரை மாத்திக்கிட்டு மறுபடி அஞ்சு சுற்று. மொத்தத்துல 1.6 விநாடி வித்தியாசத்தில் சியர்ஸ்.

ஸ்ட்ரைசெக் 1984 சாம்பியன், சரி. ஆனா அந்த வருஷம் ஒரு பந்தயம்கூட ஜெயிக்கலை. பி.எம்.டபிள்யூ. 635ல தவறாம முன்னாடி முடிச்சுப் புள்ளி சேர்த்தார். டி.டி.எம்.ங்கிற பேரும் அப்ப கிடையாது, ரெண்டு வருஷம் கழிச்சுத்தான்.

இப்ப அஞ்சாவது. மூணும் மூணு விதம், வேர் வேற வேற.

குரூப் ஏ (1982 முதல்): பந்தயத்துக்கு வர்ற கார் கடையில் வித்திருக்கணும். 12 மாசத்துல 5,000 கார். அதுக்கு மேல "எவல்யூஷன்"னு 500 கார் செஞ்சா மேம்பட்ட பாகங்களுக்கு அனுமதி. இந்த 500தான் எல்லா வம்புக்கும் காரணம். 1987 ஃபோர்டு சியரா ஆர்.எஸ்.500 பானெட்டைத் திறந்து பாருங்க: இன்டேக் பக்கம் ரெண்டு ஃபியூவல் ரெயில், பெட்ரோலைப் பீச்சுற இன்ஜெக்டர் எட்டு. நாலு சிலிண்டருக்கு எட்டு எதுக்கு? ரோட்டுக் கார்ல ரெண்டாவது வரிசைக்கு இணைப்பே கிடையாது, சும்மா உட்கார்ந்திருக்கும். பந்தயக் கார்ல அதுக்கு ஒயர் கொடுத்து, பெரிய டர்போவுக்கு ஏத்த பெட்ரோலை ஊத்துவாங்க. ரோட்டுல 224 குதிரைத்திறன், தடத்துல 500க்கும் மேலே. விதியில எங்கேயும் பொய் இல்லை, பாகம் 500 கார்லயும் இருக்கே!

பி.எம்.டபிள்யூ. எம்3யும் அப்படித்தான், ஆனா வேற வழி. டர்போ இல்லாம 2.3 லிட்டர் எஸ்14 எஞ்சின். பின்கண்ணாடிச் சரிவு, உயர்ந்த டிக்கி, அகன்ற சக்கர வளைவு எல்லாம் காற்றுக்காகப் புதுசாச் செஞ்சது. சாதாரண கார்கூட ஒத்துப்போற வெளித்தகடு பானெட், கூரை, கதவுதான்னு சொல்லலாம். மெர்சிடிஸ் 190 எவோ 2 மொத்தம் 502 கார்.

சூப்பர் டூரிங்: 1990ல பிரிட்டன்ல முளைச்சது. 2 லிட்டர், டர்போ கிடையாது, எஞ்சின் நிமிஷத்துக்கு 8,500 சுழற்சிக்கு மேல போகக் கூடாது, நாலு கதவு. கேட்டா எளிமை. அதே 8,500க்குள்ள 300 குதிரைத்திறனைப் பிழியறதுக்குத்தான் கோடிக்கணக்கில் செலவு. எஞ்சினைத் தாழ்த்தி, பின்னாடி தள்ளி, முன்சக்கரத்துக்கு மேலே இருந்த எடையைக் குறைக்கறதுதான் பாதி வேலை. ரெனால்ட் காரை வில்லியம்ஸ் ஃபார்முலா ஒன் அணி தயார் பண்ணுச்சு (1997 சாம்பியன் அலன் மெனு). 1994ல வோல்வோ 850 எஸ்டேட்டை, அதாங்க நம்ம ஊர்ல சாமான் ஏத்தற மாதிரி பின்பக்கம் நீண்ட வண்டியை, டி.டபிள்யூ.ஆர். அணி இறக்கிச்சு. 2000ம் வருஷம் செலவு தாங்காம முடிஞ்சது.

டி.சி.ஆர்.: 2015. உலக டூரிங் கார் சாம்பியன்ஷிப்பை முன்னாடி நடத்தின மார்செல்லோ லோட்டியோட யோசனை. முன்சக்கர இயக்கம், 2 லிட்டர் டர்போ, சுமார் 350 குதிரைத்திறன். கம்பெனி காரைச் செஞ்சு விற்கும், தனியார் அணி வாங்கி ஓட்டும். ஒரு கார் ரொம்ப முந்தினா எடை கூட்டுவாங்க, தரை உயரத்தை ஏத்துவாங்க, இ.சி.யு.வில் (எஞ்சினைக் கட்டுப்படுத்தற கணினி) சக்தியைக் குறைப்பாங்க. ஓட்டையை அடைக்கிற விதி இல்லை, முந்தறவனை இழுத்துப் பிடிக்கிற விதி.

---

ஹோமோலோகேஷன்_தாள்

எஸ்14 சொன்னதில் "பொய் இல்லை" என்பதோடு மட்டும் உடன்பாடில்லை. விதியின் ஓட்டையில் புகுவது வேறு, விதியை மீறுவது வேறு. அதே சியராதான் சான்று. 1987இல் ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட் 1000 பந்தயத்தில் எக்கன்பெர்கர் அணியின் சியராக்கள் முதல் இரண்டு இடத்தில் முடித்தன. பிறகு முன்சக்கர வளைவு ஹோமோலோகேஷன் தாளில் (பந்தயத்துக்கு அனுமதித்த காரின் விவரத் தாள்) உள்ளபடி இல்லை என்று தகுதியிழந்தன. வெற்றி மூன்றாவதாக முடித்த பீட்டர் பிராக் அணிக்குப் போனது. 1983 பிரிட்டிஷ் பட்டமும் இதே போல்: ரோவர் ஓட்டிய ஸ்டீவ் சோப்பரிடமிருந்து பறித்து ஆண்டி ரவுஸுக்குக் கொடுத்தார்கள். பலகையில் ஒரு மூலையில் "தாளில் இருப்பதும் காரில் இருப்பதும்" என்று இவை இரண்டையும் வையுங்கள்.

நடுவில் நிற்பது 1994 பிரிட்டிஷ் தொடரில் ஓடிய ஆல்ஃபா 155. விற்ற கார்களில் பின் ஸ்பாய்லரின் நீட்டிப்பை மாட்டாமல் டிக்கியில் வைத்துக் கொடுத்தார்கள், பந்தயத்தில் மாட்டினார்கள், முன் பம்பருக்கு அடியில் நீளும் ஸ்பிளிட்டர் தகட்டையும் வெளியே இழுத்துவிட்டார்கள். மற்ற அணிகள் கொதித்ததும் உள்ளே தள்ளச் சொன்னார்கள். அவுல்ட்டன் பார்க் தடத்தில் ஆல்ஃபா கோபித்துக்கொண்டு பந்தயத்தை விட்டே கிளம்பியது. ஆனாலும் அந்த வருடப் பட்டம் கேப்ரியலி தார்குவினிக்குத்தான். 1995 முதல் எல்லோருக்கும் இறக்கை அனுமதி, வோல்வோ எஸ்டேட்டும் செடானாக மாறியது.

பணம் எப்படித் தொடரைத் தின்னும் என்பதற்கு சூப்பர் டூரிங்கை விட 1996 டி.டி.எம். நல்ல உதாரணம். 2.5 லிட்டர் வி6, மின்னணு உதவிகள், ஃபார்முலா ஒன் செலவு. சர்வதேசத் தொடராக உயர்த்திய அதே வருடக் கடைசியில் ஆல்ஃபாவும் ஓப்பலும் கிளம்ப, மெர்சிடிஸ் மட்டும் மிச்சம். கடை மூடியது. 2000இல்தான் மறுபடி.

இன்னொன்று, மாணவர்கள் கட்டாயம் அஜித் படத்தை வைப்பார்கள். வைக்கட்டும். ஆனால் 2025 துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அவர் அணி 991 பிரிவில் மூன்றாவது வந்தது போர்ஷே காரில், நெடுநேரப் பந்தயத்தில். டூரிங் கார் பலகையில் அது சேராது. நம் பக்கத்து டூரிங் காருக்கு எஸ்டீம், ஹோண்டா சிட்டி, 2010இல் வந்த போலோ கோப்பை ஆகியவற்றின் படம் தேடச் சொல்லுங்கள்.

---

கட்டுக்கம்பி

அளவுகோல் கேள்விக்கு யாரும் பதில் சொல்லலை. 1:10,000 வைங்க. 1 கி.மீ.க்கு 10 செ.மீ. கரி ஸ்பீட்வே (2.1 கி.மீ.) 21 செ.மீ., இருங்காட்டுக்கோட்டை 37, புரூக்லாண்ட்ஸ் 44, புத்த தடம் 51, நூர்பர்க்ரிங் நார்ட்ஷ்லைஃபெ 20.8 கி.மீ.ன்னா 208 செ.மீ. கம்பி. வளைச்சா பலகையில் தாராளமா அடங்கும். வேலூர்ல கிளம்பி ஏறக்குறைய ஆற்காடு போற தூரம் ஒரே சுற்றுன்னு பக்கத்துல எழுதுங்க, உடனே புரியும்.

வரைபடத்தை பிரிண்ட் எடுத்து அது மேல கம்பியை வளைக்கணும். இங்கேதான் எல்லாரும் கோட்டை விடுவாங்க: பிரிண்டர் தானாவே "பக்கத்துக்கு ஏத்தபடி"ன்னு சுருக்கிடும், அளவு போயிடும். 100 சதவீதம்னு மாத்துங்க. முதல்ல 10 செ.மீ. கோடு ஒண்ணு அடிச்சு ஸ்கேல் வைச்சுப் பாருங்க. நீளத்தைத் தடத்தோட நடுக்கோட்டுல அளக்கணும், உள் ஓரத்துல இல்லை.

கம்பி எதுன்னா, கான்கிரீட் கம்பி கட்டுற கட்டுக்கம்பி. மெலிசா இருக்குன்னு தோணினா ரெண்டு இழையா முறுக்குங்க, ஆனா முறுக்கின பிறகு நீளம் குறையும், அதனால முறுக்கிட்டு அப்புறம் வெட்டுங்க. ஸ்பிரிங் மாதிரி துள்ளுற எஃகுக் கம்பி வேண்டாம், சின்ன வளைவு நிக்காது.

பலகை பார்க்கிறவங்களுக்கு ஒரு கணக்கும் வைக்கலாம். கி.மீ. நீளத்தைச் சுற்று நேரத்தால (விநாடியில) வகுத்து 3,600ஆல பெருக்கு, மணிக்கு எத்தனை கி.மீ.ன்னு வரும். இருங்காட்டுக்கோட்டை 3.717, நேரம் 1 நிமிஷம் 45 விநாடின்னா சராசரி 127 கி.மீ. யாராவது ரோட்டு எஸ்டீம்ல 1 நிமிஷம் 20ல சுத்தினேன்னு சொன்னா சராசரி 167. டீக்கடைப் பேச்சு எதுன்னு கணக்கே சொல்லிடும்.

---

காட்பாடி_கியர்

எல்லாருக்கும் நன்றி. 1, 2, 4, 5 மாத்தியாச்சு, அரக்கோணமும் சேருது. ரோல் கேஜ் பைப் மட்டும் பாக்கி. ஒன்றரை இஞ்ச் ஜி.ஐ. பைப் தடிமன் மூணு மில்லிக்கு மேல இருக்கு, கேஜ் குழாயை விடத் தடிமன்தானே, அப்புறம் ஏன் கூடாது?

---

ஹோமோலோகேஷன்_தாள்

தடிமன் மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும் தம்பி. தண்ணீர்க் குழாயில் "ஒன்றரை" என்பது பெயரளவு, வெளிவிட்டம் 48.3 மில்லி. சர்வதேச விதி கேட்பது வேறு: குளிர்நிலையில் இழுத்த, இணைப்பில்லாத கார்பன் எஃகுக் குழாய், இழுவலிமை குறைந்தது 350 நியூட்டன்/ச.மி.மீ. முதன்மை வளையத்துக்கு 45 x 2.5 அல்லது 50 x 2.0. மற்ற உறுப்புகளுக்கு 38 x 2.5 அல்லது 40 x 2.0. ஜி.ஐ. குழாய் நீளவாக்கில் வெல்டு போட்டது. மோதும்போது அந்தத் தையலில் பிளக்கலாம். துத்தநாகப் பூச்சு வேறு. அதன் மேல் வெல்டு வைத்தால் புகை காய்ச்சலைக் கொண்டுவரும், வெல்டுக்குள் ஓட்டை விழும்.

வளைப்பதும் முக்கியம். குளிர்நிலையில்தான் வளைக்க வேண்டும், வளைவின் நடுக்கோட்டு ஆரம் விட்டத்தின் 3 மடங்காவது. 45 மில்லிக்கு 135. நசுங்கினால் சின்ன விட்டம் பெரிய விட்டத்தில் 0.9க்குக் கீழே போகக் கூடாது, 45 என்றால் 40.5. பிளம்பர் பெண்டரில் வளைத்த குழாயைக் காலிபரில் அளக்கச் சொல்லுங்கள், பசங்களே கண்டுபிடிப்பார்கள்.

காலடி: ஒவ்வொரு காலுக்கும் குறைந்தது மூன்று எம்8 போல்ட், 8.8 தரம். அடியில் பாடியோடு வெல்டு செய்த 3 மில்லி வலுவூட்டல் தகடு, பரப்பு 120 ச.செ.மீ. (12க்கு 10 போதும்). தரைத் தகடு ஒரு மில்லிகூட இருக்காது, இந்தத் தகடு இல்லாவிட்டால் கார் உருளும்போது குழாய் காகிதத்தில் பென்சில் குத்துகிற மாதிரி இறங்கிவிடும்.

முழுக் கேஜ் வேண்டாம். ஒரு வளைவு, ஒரு காலடி, ஒரு குறுக்கு வெட்டு மூன்றே போதும். 45 x 2.5 குழாயில் ஓர் அடி கிடைத்தால் ஜி.ஐ. துண்டையும் அதன் பக்கத்தில் வையுங்கள். வெட்டிய முனைகளை அரம் போட்டு விட்டுவிடுங்கள், பெயின்ட் அடிக்க வேண்டாம். பெயின்ட் அடித்தால் ஜி.ஐ. துண்டின் உள்பக்கத் தையல் கோடு மறைந்துவிடும்.

---

காட்பாடி_கியர்

பெயின்ட் டப்பாவை எடுத்து உள்ளே வெச்சாச்சு.